பவுண்டு முதலில் எங்கே வந்து இறங்க வேண்டும்? பிரிட்டனில் ஓய்வு பெற்றுத் தமிழ்நாடு திரும்புவோருக்கு ஓர் ஒப்பீடு

லண்டனில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்துவிட்ட என் அக்காவும் அத்தானும், இனித் திருச்சியிலேயே இருந்துவிடலாம் என்ற யோசனையோடு கடந்த தை மாதம் வந்திருந்தார்கள். வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், கணக்குப் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பொங்கல் கழிந்த மறுநாள் ஒரு கோடு போட்ட நோட்டைத் திறந்து உட்கார்ந்தோம். அத்தான் கேட்ட முதல் கேள்வி, “பவுண்டு இன்னிக்கு என்ன விலை?” என்பதுதான். திரும்பி வருகிற எல்லோரும் கேட்கிற கேள்வி அது. ஆனால் அதற்கு முன் தீர்க்க வேண்டியவை இரண்டு இருக்கின்றன. வருகிற ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயருமா, உயராதா என்பது ஒன்று. அந்தப் பணம் முதன்முதலில் எந்த நாட்டு வங்கிக் கணக்கில் விழுகிறது என்பது மற்றொன்று.

அவர்கள் முன் இருந்த வழிகள் மூன்று. முழுமையாகத் திரும்பி வந்து, பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியத்தை (இது அரசு ஊழியருக்கு மட்டுமானதல்ல; எந்த வேலை பார்த்தவரானாலும், செலுத்திய தேசியக் காப்பீட்டுப் பங்களிப்பைக் கொண்டு அரசு தருவது) இந்திய வங்கிக் கணக்கிலேயே ரூபாயாகப் பெற்றுக்கொள்வது முதல் வழி. திரும்பி வந்தாலும் ஓய்வூதியத்தை லண்டன் கணக்கிலேயே பவுண்டாக வாங்கி வைத்து, தேவைப்படும்போது மட்டும் இங்கே அனுப்பிக்கொள்வது இரண்டாவது. லண்டன் வீட்டை விடாமல், குளிர்காலத்தை மட்டும் இங்கே கழிப்பது மூன்றாவது. முதல் இரண்டு வழிகளுக்கும் பொதுவான ஓர் இழப்பு உண்டு. மூன்றாவது வழியைப் பலர் தேர்ந்தெடுப்பதே அந்த இழப்பைத் தவிர்க்கத்தான் என்பதால், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிரிட்டனில் வசிக்கும் முதியவருக்கு அரசு ஓய்வூதியம் ஒவ்வோர் ஏப்ரலிலும் உயர்கிறது. ஊதிய உயர்வு, விலைவாசி உயர்வு, 2.5 சதவீதம் ஆகிய மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு உயர்த்துகிறார்கள். 2016 ஏப்ரலில் புதிய திட்டம் தொடங்கியபோது வாரத்துக்கு 155.65 பவுண்டாக இருந்த முழுத்தொகை, 2026 ஏப்ரலில் 241.30 பவுண்டாகியிருக்கிறது. ஆனால் இந்த உயர்வு எல்லா நாடுகளிலும் வசிப்பவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி, சுவிட்சர்லாந்து, இவை தவிர அமெரிக்கா, பிலிப்பைன்ஸ், துருக்கி போலப் பிரிட்டனோடு அதற்குரிய ஒப்பந்தம் உள்ள சில நாடுகள் ஆகியவற்றில் வசிப்பவருக்கே கிடைக்கும். இந்தியா, இலங்கை, கனடா, ஆஸ்திரேலியா ஆகியவை அந்தப் பட்டியலில் இல்லை. இந்நாடுகளில் குடியேறுபவருக்கு, புறப்படும்போது வாங்கிக்கொண்டிருந்த தொகையோ, அங்கே இருக்கும்போது முதன்முதலில் தகுதி பெற்ற தொகையோ, அப்படியே ஆயுள் முழுவதும் உறைந்து நின்றுவிடும். பிள்ளைகளோடு இருக்க டொரான்டோ போன லண்டன் தமிழருக்கும், யாழ்ப்பாணம் திரும்பியவருக்கும் இதே கதிதான். எல்லையைத் தாண்டி அமெரிக்கப் பக்கம் வீடு பிடித்தவருக்கோ ஓய்வூதியம் உயர்ந்துகொண்டே போகும். இதில் நியாயம் என்ன என்று கேட்டு, தென்னாப்பிரிக்காவில் குடியேறிய அன்னெட் கார்சன் என்ற பெண்மணி நடத்திய வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2010 மார்ச்சில் 11-க்கு 6 என்ற கணக்கில் தோற்றது. விதி மாறும் என்று நம்பித் திட்டம் போடுவது உசிதமல்ல என்று நான் நினைப்பதற்கு அதுவே காரணம்.

இந்த உறைவின் கனம் என்ன என்பதை நோட்டில் எழுதிப் பார்த்தோம். 2016-இல் முழுத்தொகையோடு இந்தியா வந்த ஒருவர் இன்றும் வாரத்துக்கு 155.65 பவுண்டுதான் வாங்குவார். அவரோடு வேலை பார்த்து லண்டனிலேயே தங்கிவிட்டவர் 241.30 வாங்குவார். வாரத்துக்கு 85.65 என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,454 பவுண்டு. பவுண்டுக்கு 115 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஐந்து லட்சத்துக்கு மேல். ரூபாய் மதிப்பு விழுவதால் அது ஈடாகிவிடும் என்று அத்தான் சொன்னார். ஓரளவுக்கு உண்மைதான். 2016 ஏப்ரலில் பவுண்டு ஏறக்குறைய 95 ரூபாயாக இருந்தது. அன்று வாரத்துக்குச் சுமார் 14,800 ரூபாயாக வந்த அதே 155.65 பவுண்டு, 115 ரூபாய்க் கணக்கில் 17,900 ரூபாயாகிறது. பத்தாண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கிறது, அவ்வளவுதான். அதே பத்தாண்டுகளில் திருச்சியில் மருத்துவமனை அறை வாடகையும், வீட்டோடு இருந்து முதியவரைப் பார்த்துக்கொள்பவரின் சம்பளமும் எவ்வளவு கூடின என்பது எங்கள் அம்மாவைப் பார்த்துக்கொண்ட எனக்குத் தெரியும். அறுபத்தாறு வயதில் தாராளமாகத் தெரிகிற தொகை, எண்பத்தாறில் அப்படித் தெரியாது.

ஆறுதலாக ஒன்று உண்டு. உறைவது அரசு ஓய்வூதியம் மட்டுமே. நகராட்சி, தேசிய மருத்துவச் சேவை, அரசுப் பள்ளி போன்ற பொதுத்துறைப் பணிகளுக்கான ஓய்வூதியம், பெறுபவர் எந்த நாட்டில் இருந்தாலும் விலைவாசிக்கேற்ப உயரும். அத்தான் நகராட்சி அலுவலகத்தில் கணக்கர், அக்கா மருத்துவமனையில் செவிலியர். ஆகவே இவர்கள் வருமானத்தில் உறையும் பங்கு பாதிக்கும் குறைவு. கடை வைத்தும் டாக்சி ஓட்டியும் வாழ்ந்து, அரசு ஓய்வூதியத்தை மட்டுமே நம்பியிருப்பவருக்கு நான் இதே ஆலோசனையைச் சொல்ல மாட்டேன்.

இனி முதல் இரண்டு வழிகளுக்கு இடையிலான வேறுபாடு. பார்வைக்கு இது வெறும் வசதி சார்ந்த தேர்வாகத் தெரியும். ரூபாயாக நேரே வந்துவிட்டால் தலைவலி இல்லை என்று பலர் முதல் வழியை எடுத்துவிடுகிறார்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறையோ பதின்மூன்று வாரத்துக்கு ஒருமுறையோ பணம் வந்து விழும். மாற்று விகிதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் நமக்கு இருக்காது. ஆனால் உண்மையான வேறுபாடு வரியில் இருக்கிறது. நெடுங்காலம் வெளிநாட்டில் இருந்து திரும்புபவரை இந்திய வருமானவரிச் சட்டம் உடனே முழு உள்நாட்டவராகக் கருதுவதில்லை. முந்தைய பத்து நிதியாண்டுகளில் ஒன்பதில் வரிக்கணக்குப்படி வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தவர், அல்லது முந்தைய ஏழு ஆண்டுகளில் மொத்தம் 729 நாளோ அதற்குக் குறைவாகவோ இந்தியாவில் இருந்தவர், ஆடிட்டர்கள் ‘ஆர்என்ஓஆர்’ என்று சொல்லும் இடைநிலையில் இருப்பார். பெரும்பாலோருக்கு இது இரண்டு ஆண்டு, சிலருக்கு மூன்று ஆண்டு நீடிக்கும். இந்தக் காலத்தில் வெளிநாட்டில் ஈட்டி, வெளிநாட்டிலேயே பெற்றுக்கொண்ட வருமானத்துக்கு இங்கே வரி இல்லை. ஆனால் அதே வருமானம் முதன்முதலில் இந்தியக் கணக்கில் வந்து விழுந்தால், அது இந்தியாவில் பெறப்பட்ட வருமானமாகிவிடும், வரியும் வந்துவிடும். லண்டன் கணக்கில் விழுந்த பணத்தை மறுநாளே இங்கே அனுப்பினாலும் அது பணப்பரிமாற்றம்தானே தவிர, வருமானம் பெறுவது ஆகாது. ஒரே ஓய்வூதியம், ஒரே ஆள், ஒரே தொகை; இறங்கிய இடம் மட்டுமே வேறு.

இதன் மதிப்பு என்ன என்று பார்ப்போம். முழுத்தொகையான 241.30 பவுண்டை 52 வாரத்துக்குப் பெருக்கினால் 12,547.60 பவுண்டு வருகிறது. பிரிட்டனின் வரிவிலக்கு வரம்பு 12,570 பவுண்டு. அதாவது 22 பவுண்டு வித்தியாசத்தில் அங்கே வரி கட்ட வேண்டியதில்லை. அதே தொகை 115 ரூபாய்க் கணக்கில் 14 லட்சத்து 43 ஆயிரம் ஆகிறது. புதிய வரி முறையில் 12 லட்சம் வரைதான் முழுத் தள்ளுபடி என்பதால், வேறு வருமானமே இல்லாவிட்டாலும் கூடுதல் வரி சேர்த்து ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் கட்ட வேண்டும். முன்னாள் முதலாளி தரும் ஓய்வூதியத்துக்குக் கிடைக்கும் 75,000 ரூபாய் நிலைக்கழிவும் இதற்குக் கிடைப்பது கடினம், ஏனென்றால் இதைத் தருவது முதலாளி அல்ல. இடைநிலை இரண்டு ஆண்டு என்று கொண்டால், ஒரு படிவத்தில் எந்த வங்கிக் கணக்கு எண்ணை எழுதினோம் என்பதை வைத்து, ஆளுக்கு இரண்டு லட்சம் கூடுகிறது அல்லது குறைகிறது. (நகராட்சித் திட்டத்தில் இருந்தவர்கள் 2016-க்கு முன் குறைந்த விகிதத்தில் தேசியக் காப்பீடு செலுத்தியவர்கள் என்பதால் அத்தானுக்கு முழுத்தொகை வராது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்றுதான் முழுத்தொகையை எடுத்துக்கொண்டேன்.)

இடைநிலை முடிந்த பிறகு இந்த வேறுபாடு மறைந்துவிடும். அப்போது உலகெங்கும் வரும் வருமானம் இங்கே கணக்கில் சேரும். இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி, அரசு ஓய்வூதியம் உள்ளிட்ட பொதுவான ஓய்வூதியத்துக்கு வரி விதிக்கும் உரிமை வசிக்கும் நாட்டுக்கே உரியது. அரசுப் பணிக்காகவும் உள்ளாட்சிப் பணிக்காகவும் தரப்படும் ஓய்வூதியத்துக்குத் தனி விதி உண்டு. பெறுபவர் இந்தியாவில் வசிப்பதோடு இந்தியக் குடியுரிமையும் பெற்றிருந்தால் மட்டுமே அது இந்தியாவின் வரிக்கு வரும். அத்தான் பிரிட்டிஷ் குடிமகன், கையில் இருப்பது இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை. ஆகவே அவருடைய நகராட்சி ஓய்வூதியத்துக்குப் பிரிட்டனிலேயே வரி. 12,570 பவுண்டு விலக்கும் அங்கே அதற்குக் கிடைக்கும். லண்டனில் நோட்டு நோட்டாகக் கணக்கெழுதியவருக்கு, குடியுரிமை மாறியதன் பலன் இப்படியும் வரும் என்பது அன்றுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே இருந்தார்.

இரண்டாவது வழிக்கும் தொல்லைகள் உண்டு. வெளிநாட்டு முகவரிக்கு மாறிய வாடிக்கையாளரின் கணக்கைத் தொடர எல்லா பிரிட்டிஷ் வங்கிகளும் சம்மதிப்பதில்லை. புறப்படுவதற்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மகன் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைப்பவர்கள், பின்னால் கணக்கு முடக்கப்பட்டால் இங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது என்பதை யோசிக்க வேண்டும். நான் பணியில் இருந்த காலத்தில் ஸ்ரீரங்கத்துப் பெரியவர் ஒருவர் எங்கள் கிளைக்கு வருவார். சட்டைப்பையில் இரண்டு கைப்பேசி இருக்கும். ஒன்று, லண்டன் வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் வருவதற்காக மட்டுமே உயிரோடு வைத்திருந்த பழைய பொத்தான் கைப்பேசி. அந்த பிரிட்டிஷ் சிம் செயலிழந்துவிடக் கூடாதென்று மாதம் ஒருமுறை தமக்குத் தாமே ஒரு குறுஞ்செய்தி அனுப்பிக்கொள்வாராம். ஒருநாள் அவர் கொண்டுவந்தது வாழ்நாள் சான்றிதழ். வெளிநாட்டில் இருக்கும் ஓய்வூதியர் உயிரோடு இருக்கிறாரா என்று உறுதிசெய்ய பிரிட்டன் அனுப்பும் படிவம் அது. பணம் எந்தக் கணக்கில் விழுந்தாலும் அது வரும். குறித்த காலத்துக்குள் சாட்சிக் கையெழுத்தோடு திரும்பப் போய்ச்சேராவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும். அவருக்கு வந்த உறை பழைய வீட்டுக்குப் போய், அங்கே குடியிருந்தவர் மின்கட்டண ரசீதுகளோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்ததால் இரண்டு மாதம் தாமதமாகியிருந்தது. நான் கையெழுத்துப் போட்டு முத்திரை வைக்கும் வரை மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே நின்றார். பின்னர் நிலுவையோடு பணம் வந்துவிட்டது என்றாலும், அந்த இரண்டு மாதம் வைப்புநிதியை உடைத்துத்தான் சாப்பிட்டிருக்கிறார்.

இந்தியப் பக்கம் எந்தக் கணக்கு வைத்திருப்பது என்பதிலும் தவறு நடக்கிறது. நிரந்தரமாகத் திரும்பியதும், வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கான என்ஆர்இ கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றிவிட வேண்டும். அதன் வட்டிக்கு இருந்த வரிவிலக்கும் அத்தோடு முடியும். அதை மாற்றாமலே ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்; அது அந்நியச் செலாவணிச் சட்டத்தை மீறுவதாகும். பவுண்டைப் பவுண்டாகவே இங்கே வைத்துக்கொள்ள விரும்பினால் அதற்கென்றே ஆர்எஃப்சி கணக்கு இருக்கிறது. இடைநிலைக் காலம் வரை அதன் வட்டிக்கு வரி இல்லை. திரும்ப வெளிநாடு போக நேர்ந்தால் பணத்தை எடுத்துச் செல்லவும் தடையில்லை. லண்டனில் உள்ள சேமிப்பையும் வீட்டையும் அப்படியே வைத்துக்கொள்ளவும் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் இடைநிலை முடிந்த ஆண்டிலிருந்து, அவை ஒவ்வொன்றையும் வருமானவரி அறிக்கையின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டியாக வேண்டும். காட்டாமல் விட்டால் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். வீடு தவிர்த்த மற்ற சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சத்துக்குள் இருந்தால் மட்டுமே அந்த அபராதத்திலிருந்து விலக்கு. பிரிட்டனில் வரியே இல்லாத ஐசா சேமிப்பின் வட்டிக்கும் இங்கே அப்போது வரி வந்துவிடும்.

தனியார் ஓய்வூதிய நிதி வைத்திருப்பவர் இன்னொன்றையும் முடிவு செய்ய வேண்டியிருக்கும். பிரிட்டிஷ் சட்டம் அந்த நிதியில் கால் பங்கை, 2,68,275 பவுண்டு உச்சவரம்புக்கு உட்பட்டு, வரியில்லாமல் எடுக்க அனுமதிக்கிறது. அது அந்த நாட்டுச் சலுகை. முழு உள்நாட்டவரான பின் எடுக்கும் தொகையை இந்தியா அதே கண்ணோடு பார்க்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எடுப்பதானால் புறப்படுவதற்கு முன் எடுத்துவிடுவது நல்லது. மீதியைக் கொண்டு ஆயுள் முழுவதும் நிலையான தொகை தரும் ஆன்யூட்டி வாங்கலாம், அல்லது நிதியிலேயே விட்டு வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவதில், முதல்முறை எடுக்கும்போது அவசரகால விகிதத்தில் வரியைப் பிடித்துவிட்டு, பிறகு திரும்பப் பெறுமாறு சொல்வது வழக்கம். அரசு ஓய்வூதியம் உறைந்து நிற்கப் போகிறது என்பதால், வருமானத்தில் ஒரு பகுதியாவது வளரும்படி இருக்க வேண்டும். அதனால் நான் நிதியிலேயே விட்டுவைப்பதன் பக்கம் சாய்வேன். 2027 ஏப்ரல் 6 முதல், எடுக்காமல் மிஞ்சும் ஓய்வூதிய நிதியும் பிரிட்டனின் வாரிசு வரிக்குள் வருகிறது. அங்கே இருபது ஆண்டுக்கு மேல் வசித்தவரை, வெளியேறிய பின்னும் பத்தாண்டு வரை அந்நாட்டுச் சட்டம் விடாது துரத்தும். ஆகவே பேரன் பேத்திக்கென்று அதைத் தொடாமல் வைத்திருப்பது முன்புபோல் லாபமில்லை.

மூன்றாவது வழி, அதாவது லண்டன் வீட்டை வைத்துக்கொண்டு குளிர்காலத்தில் இங்கே வருவது, அரசு ஓய்வூதியத்தின் உயர்வையும் தேசிய மருத்துவச் சேவையின் இலவசச் சிகிச்சையையும் காப்பாற்றித் தருகிறது. அந்த இலவசச் சிகிச்சை சாதாரணமானதல்ல. நிரந்தரமாக வெளியேறியவர் பின்னர் சிகிச்சைக்காக மட்டும் அங்கே போனால், அவசரப் பிரிவைத் தாண்டிய மருத்துவமனைச் செலவை ஒன்றரை மடங்கு விகிதத்தில் கேட்பார்கள். நிதியாண்டில் 182 நாட்களுக்குள் இங்கே இருந்துவிட்டுப் போனால் இந்திய வரிச் சிக்கலும் பெரிதாக இல்லை. இந்தியாவிலேயே 15 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவருக்கு மட்டும் அந்த எல்லை 120 நாள். ஆனால் இதற்கு விலை உண்டு: இரண்டு வீடு, அங்கே நகராட்சி வரி, ஆளில்லாத வீட்டுக்கும் வெப்பமூட்டும் செலவு, ஆண்டுக்கு நான்கு விமானச் சீட்டு. எழுபத்தைந்து வயதுக்குப் பிறகு பதினொரு மணி நேரப் பயணத்தை முழங்கால் அனுமதிக்க வேண்டும். உறைவால் இழக்கும் தொகை முதல் சில ஆண்டுகளில் சிறியது. இரண்டு வீடு வைத்திருக்கும் செலவோ முதல் நாளிலிருந்தே பெரியது. சொந்த வீடு கடனின்றி இருந்து, பிள்ளைகளும் அங்கேயே இருப்பவர்களுக்குத்தான் இது பொருந்தும் என்பது என் கணிப்பு. அக்காவின் வீடு வாடகை வீடு.

ஆகவே இரண்டாவது வழி என்று முடிவாயிற்று; புறப்படும் நாளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்தோம். ஏப்ரல் உயர்வுக்கு முன் கிளம்பினால் பழைய தொகையிலேயே உறைந்துவிடும் என்பதால், 2026 ஏப்ரல் தாண்டட்டும் என்றேன். அத்தான் உடனே மே மாதம் என்றார். நாட்காட்டியை வைத்து எண்ணிப் பார்த்தோம். அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை சரியாக 182 நாள். அன்று வந்து இறங்கினால்கூட அந்த நிதியாண்டுக்கே இந்தியாவில் வசிப்பவர் ஆகிவிடுவார். இரண்டு நாள் கழித்து வந்தால் அந்த ஆண்டு முழுவதும் வெளிநாட்டில் வசிப்பவராகவே கணக்கு. இடைநிலைக் காலம் அடுத்த ஏப்ரலிலிருந்துதான் ஓடத் தொடங்கும். ஏப்ரல் உயர்வையும் வாங்கிக்கொண்டு, ஒரு வரி ஆண்டையும் மிச்சப்படுத்த அக்டோபர் இரண்டாம் வாரமே சரி என்று பட்டது. தீபாவளிக்கு இங்கே இருக்கலாம். அதற்குள் மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டவர் புதிதாகச் சேரக் கூடாது என்ற வரம்பு 2024 ஏப்ரல் முதல் இல்லை. ஆனால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க வைக்கலாம் என்பதால், அத்தானின் சர்க்கரைக்கு அந்தக் கெடு சீக்கிரம் தொடங்குவது நல்லது.

அக்காவின் கணக்கு மட்டும் வேறு. 1961 மே மாதம் பிறந்தவர் என்பதால் 67 வயது நிறையும் 2028 மே வரை அவருக்கு அரசு ஓய்வூதியம் தொடங்காது. தொடங்கும்போது அன்றைய விகிதத்தில்தான் உறையும் என்பதால், இப்போதே இங்கே வந்துவிடுவதால் உயர்வில் இழப்பு ஒன்றுமில்லை. ஆனால் முழுத்தொகைக்குப் பொதுவாக 35 ஆண்டுத் தேசியக் காப்பீட்டுப் பங்களிப்பு வேண்டும். அவருக்குச் சில ஆண்டுகள் குறைகின்றன. விடுபட்ட ஓர் ஆண்டை, நாமே விரும்பிச் செலுத்தும் மூன்றாம் வகுப்புப் பங்களிப்பால், 2025-26 விகிதத்தில் வாரம் 17.75 பவுண்டு வீதம் நிரப்ப 923 பவுண்டு ஆகும். அதற்கு ஈடாக ஆயுள் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 358 பவுண்டு கூடும், உறைந்தாலும்கூட. மூன்று ஆண்டுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். வெளிநாட்டில் இருந்துகொண்டே மலிவான இரண்டாம் வகுப்புப் பங்களிப்பு செலுத்தும் வசதி 2026 ஏப்ரல் 6-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், இந்த மூன்றாம் வகுப்புக் கட்டணமே மிச்சமிருக்கும் வழி. எத்தனை ஆண்டு குறைகிறது என்று பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் பார்த்துச் சொல்கிறேன் என்று அக்கா போயிருக்கிறார். நோட்டில் அவருடைய பத்தியில் அந்த ஒரு எண்ணுக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.